சோத்துக்கை ஜன்னல்

சிங்கப்பூரில் எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டின் ஜன்னல் கைப்பிடிகளை உடைத்தவர் என் கணவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யார் மீதும் பழி போட வழியில்லை. வீட்டில் இருந்தது மூன்றே பேர். என் மாமனாருக்கு ஒரு கை விளங்காது, இன்னொரு கையை அவர் உபயோகிக்க மாட்டார். நான் எதையும் திருப்பவேண்டிய பக்கம் திருப்புகிறவள். மிச்சம் இருந்தவர் அவர்தான்.

அதற்கு முன்பு நாங்கள் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில், ஒற்றை அறையில் இருந்தோம். அங்கே ஜன்னல் மரத்தாலானது. இரண்டு கதவு, குறுக்கே ஒரு கட்டை. கட்டையைத் தூக்கினால் திறக்கும், போட்டால் மூடும். கீழே மிளகாய் அரைக்கும் கடை இருந்ததால் திறந்தால் தும்மல், மூடினால் புழுக்கம். அதற்கு மேல் ஜன்னலைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடு கிடைத்த பிறகுதான் ஜன்னலிலும் படித்துத் தேறவேண்டிய பாடம் இருக்கிறது என்று தெரிந்தது.

நாலாவது மாடி. இரும்புச் சட்டம், கண்ணாடிக் கதவு. கூடத்தில் மட்டும் மூன்று கதவுகள், மூன்றும் ஒரே பக்கமாக வெளியே திறப்பவை. ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு ஒரு கைப்பிடி. அதன் தலையில், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, மூக்கு மாதிரி ஒரு முனை. கைப்பிடி கீழே தொங்கும்போது மூக்கு சட்டத்தில் மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பூட்டிவிடும். கைப்பிடியை மேலே தூக்கித் திருப்பினால் மூக்கு விடுபடும். ஒரு பக்கமாகத்தான் திரும்பும். மறுபக்கம் திருப்பினால் திரும்பாது. மறுபக்கம் பலமாகத் திருப்பினால் உடையும். என் கணவர் பலசாலி. குடிவந்த மூன்று மாதத்தில் மூன்று கைப்பிடிகளும் போயின.

அவருக்கு இடது வலது தெரியாது. கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை பார்த்தார். கணக்கில் புலி, கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஆனால் டாக்சிக்காரரிடம் இடது பக்கம் என்று சொல்லி வலது பக்கம் கை காட்டுவார். டாக்சிக்காரர் நேராகப் போய்விடுவார். பக்கம் தெரியவேண்டிய நேரத்தில் அவருக்கு ஒரு வழி இருந்தது. காற்றில் ஒரு வாய் சோறு அள்ளிப் பார்ப்பார். எந்தக் கை அள்ளுகிறதோ அது சோத்துக்கை, அதாவது வலது. மற்றது மற்றது. பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு இப்படி வெறும் காற்றை அள்ளும் மனிதரோடு நான் பலமுறை நின்றிருக்கிறேன்.

இதன் காரணத்தை என் மாமனாரே எனக்குச் சொன்னார், கல்யாணமான முதல் வாரத்தில், பெருமையாக. மகன் பிறவியிலேயே இடது கைக்காரன். சோற்றுக்கும் அந்தக் கைதான் போனது, சிலேட்டுக்கும் அந்தக் கைதான் போனது. ஐந்து வயதில், சாப்பாட்டு நேரத்தில், இடது கையைத் துண்டால் நாற்காலிக் காலோடு கட்டிவைத்தார். ஒரு வருடம். "ஒரு அடி அடிச்சதில்லம்மா. கட்டி வெச்சே மாத்திட்டேன்" என்றார். அதன் பிறகு துண்டு தேவைப்படவில்லை, செருமினால் போதும். கல்யாணமாகி, சம்பளம் வாங்கி, மீசை வைத்த பிறகும், என் கணவர் அசந்து மறந்து இடது கையால் எதையாவது எடுத்தால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செருமல் வரும். கை தானாக மாறிவிடும்.

மாமனார் துறைமுகத்தில் கூலியாட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். வலது கையை நீட்டினால் நாற்பது ஆட்கள் அந்தத் திசையில் நகர்வார்களாம். ஓய்வு பெற்று, இந்த வீட்டுக்கு வந்து, ஒரு மாதம்கூட ஆகவில்லை, வாதம் வந்து அந்த வலது கையே விழுந்துவிட்டது. காலும் கொஞ்சம் இழுத்தது, பிடித்துக்கொண்டால் நடப்பார். பேச்சு தப்பித்தது. ஆஸ்பத்திரியில் இடது கையைப் பழக்கச் சொன்னார்கள். மொழிபெயர்த்துச் சொன்ன நர்ஸை அவர் பார்த்த பார்வையில் அந்தப் பெண் வேறு வார்டுக்குப் போய்விட்டாள்.

இடது கைக்கு அவர் கணக்கில் ஒரே வேலைதான். அது என்ன வேலை என்று நான் எழுதவேண்டியதில்லை. தண்ணீர் டம்ளர், விசிறி, பேப்பர், எதையும் அந்தக் கையால் தொட மாட்டார். நான்தான் கரண்டியால் ஊட்டினேன். அப்போதும் சாப்பாட்டுத் தட்டு அவருடைய வலது பக்கம் ஸ்டூலில் இருக்கவேண்டும். மடியில் கிடக்கும் அந்தக் கை சாப்பிடப்போவதில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். இருந்தாலும் தட்டு அங்கேதான்.

அவருடைய பிரம்பு நாற்காலி கூடத்து ஜன்னலை ஒட்டி இருந்தது. நகர்த்த விடமாட்டார். கைப்பிடி இல்லாத ஜன்னலை ஒரு சணல் கயிற்றால் சட்டத்தோடு கட்டியிருந்தோம். புழுங்கினால் "ஜன்னல்" என்பார். நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து அவிழ்ப்பேன். சாரல் அடித்தால் "ஜன்னல்" என்பார். ஓடிவந்து கட்டுவேன். சிங்கப்பூரில் வெயிலும் மழையும் ஒரே மத்தியானத்தில் நாலு தடவை மாறும் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டுமா? நாள் முழுக்க நான் ஜன்னல் உத்தியோகம்தான் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு நிஜமான உத்தியோகம் வந்தது. கல்யாணத்துக்கு முன் நான் ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தேன். ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளியில் மத்தியான வகுப்புக்கு ஆள் தேவை, அடுத்த தவணைக்குப் பள்ளி திறக்கும் திங்கட்கிழமை வந்து சேர முடியுமா என்று தலைமையாசிரியர் கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டு, அரிசி அளக்கும் போதெல்லாம் எடுத்துப் படித்தேன். அந்த வேலையை நான் எவ்வளவு விரும்பினேன் என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கெஞ்சுவது மாதிரி ஆகிவிடும்.

என் கணவர் கேட்டது ஒரே கேள்வி. "அப்பாவை அஞ்சு மணி நேரம் எப்படித் தனியா விடறது?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். சோறு ஊட்டிவிட்டுத்தான் கிளம்புவேன். மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு மலாய் அக்கா ஒரு நடை எட்டிப் பார்த்து, தண்ணீர் கொடுப்பார். ஆறு மணிக்கு முன்னால் எங்களில் யாராவது ஒருவர் வந்துவிடுவோம். பதில் இல்லாதது ஜன்னலுக்கு மட்டும்தான். மூடிவிட்டுப் போனால் அந்த மேற்கு வெயிலில் அவர் வெந்துபோவார். திறந்துவிட்டுப் போனால் மழை மூன்று மணிக்குத்தான் வருவேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறதா? கயிற்றை அவிழ்க்க இரண்டு கை வேண்டும். கைப்பிடி என்றால் ஒரு கை போதும். அந்த ஒரு கையை அவர் தருவாரா என்பது அப்புறம். முதலில் கைப்பிடி மாட்டுங்கள் என்றேன்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து, ஜாலான் புசார் பக்கம் ஓர் இரும்புச் சாமான் கடைக்குப் போய் மூன்று கைப்பிடிகள் வாங்கிவந்தார். பித்தளை. மூன்று கடை ஏறி இறங்கி, கனம் பார்த்து, உரசிப் பார்த்து வாங்கியதாகச் சொன்னார். உண்மையிலேயே நல்ல சாமான். பழைய திருகாணிகளைக் கழற்றி, ஓட்டைகளில் துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, முதல் கைப்பிடியை வைத்துப் பார்த்தார். மூக்கு சட்டத்தைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்தது. எடுத்து வைத்தார், திரும்பவும் அப்படியே பார்த்தது. மூன்றும் அதே மாதிரி.

"மூக்கு மாறியிருக்கே" என்றேன்.

"இரு" என்றார். கைப்பிடியைத் தலைகீழாகத் திருப்பினார். மூக்கு இப்போது சட்டத்தின் பக்கம் வந்துவிட்டது. ஆனால் கீழே தொங்கவேண்டிய பிடி மேலே பார்த்து நின்றது. அப்படியே முடுக்கிவிட்டார். மூன்று ஜன்னல்களிலும் மூன்று பித்தளைப் பிடிகள் பதில் தெரிந்த பிள்ளைகள் மாதிரி நிமிர்ந்து நின்றன.

"மூடுதில்ல? அப்புறம் என்ன?" என்றார்.

மூடியது. மூடியபடி இருக்கவில்லை. கீழே தொங்கும் பிடி அதன் கனத்திலேயே பூட்டிக்கொண்டு நிற்கும். மேலே நிற்கும் பிடி அதன் கனத்திலேயே விழும், விழுந்தால் திறந்துகொள்ளும். ஒரு தட்டுத் தட்டினால் போதும். அன்று சாயங்காலம் நான் துடைப்பத்தோடு போனபோது முழங்கை பட்டு ஒன்று திறந்தது. அடுத்த இரண்டு நாளில் வாசல் கதவை அறைந்து சாத்திய அதிர்ச்சியில் இன்னொன்று திறந்தது. கதவை அறைந்து சாத்தியது நான்தான்.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருந்தபோது, இவரை அப்பாவுக்குக் காவல் வைத்துவிட்டு, ஒரு கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நானே அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நம் கடலோரத்து ஊரிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம், வெள்ளைத் தொப்பி வைத்த பெரியவர். கைப்பிடியைப் பார்த்ததுமே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"போன வாரம் ஒரு தம்பி மூணு வாங்கிட்டுப் போனாரு. உங்க வீட்டுக்காரரா தங்கச்சி?"

"ஆமாங்க. ஜன்னலுக்கு மூக்கு மாறிப்போச்சு."

"நான் கேட்டேம்மா. இதுல சோத்துக்கை, மத்தக் கைன்னு ரெண்டு தினுசு இருக்கு, உங்களுக்கு எதுன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு. அப்புறம் காத்துல சோறு அள்ளிக் காட்டி, இந்தக் கைன்னாரு."

"எந்தக் கையால அள்ளினாரு?"

பெரியவர் தயங்கினார். பிறகு, வேறு வழியில்லாமல் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். "தப்பா நெனைக்காதீங்க. எங்க ஊட்லயும் இதால அள்ளுறதில்ல. ஆனா அவரு இதாலதான் அள்ளினாரு."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. கடையில் செருமுவதற்கு ஆள் இல்லை. அதனால் அந்தக் கை தன் இஷ்டத்துக்கு எழுந்து, தனக்குப் பிடித்தபடி ஒரு வாய் அள்ளியிருக்கிறது.

சோத்துக்கைக் கைப்பிடிகள் மூன்றைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஏறும்போது கோபம் கணவர் மேல்தான் இருந்தது. வழியில் எங்கேயோ அது ஆள் மாறிவிட்டது. ஐந்து வயதுப் பையன் ஒருவன் நாற்காலிக் காலோடு கட்டப்பட்ட கையோடு, வராத கையால் சோற்றைப் பிசைந்து சிந்திக்கொண்டிருப்பது கண்ணில் வந்தது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று மாமனாருக்காக நாலு வாக்கியம் தயார் செய்தேன். நாலும் நல்ல தமிழில் இருந்தன.

வீட்டுக்குள் நுழைந்தால் அவருடைய ஜன்னல் திறந்திருந்தது. கணவர் அடுப்படியில் காப்பி கலக்கிக்கொண்டிருந்தார். "நான் தொறக்கல" என்று அங்கிருந்தே சொன்னார்.

"வாம்மா" என்றார் மாமனார். "மூடு அதை."

மூடினேன். பிடி மேலே பார்த்து நின்றது. அவர் இடது கையின் இரண்டு விரலால் வலது சட்டைக் கையின் ஓரத்தைப் பிடித்தார். ஈரத்துணியை எடுப்பது மாதிரி அந்தக் கையை மடியிலிருந்து தூக்கினார். பிடிக்கு மேலே கொண்டுபோய் விட்டார். கை தொப்பென்று விழுந்தது. அதன் கனத்தில் பிடி இறங்கியது, கண்ணாடிக் கதவு ஒரு சாண் வெளியே போனது. காற்று வந்தது.

"எந்தக் கை தொறந்துச்சு, பாத்தியா?"

"சோத்துக்கை, மாமா."

"அதான்."

"ஆனா தூக்கினது..."

"அது தூக்கிவிட்டுச்சு. வேலை செஞ்சது இது." பிறகு என் பையைப் பார்த்தார். "புதுசா எதுவும் மாட்ட வேணாம். இதுவே இருக்கட்டும்."

எட்டு மாதமாக அந்தக் கை ஒரு வேலையும் செய்யவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் ஒன்பது தடவை ஜன்னல் திறந்தது. ஒன்பது தடவையும் நான் மூடிக் கொடுத்தேன். தயார் செய்த நாலு வாக்கியங்களையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என் கணவர் காப்பியோடு வந்து நின்று, "நான் சரியாத்தான் வாங்கியிருக்கேன் லா" என்றார். சரியான கைப்பிடிகளை பிஸ்கட் டின்னுக்குள் போட்டேன். இப்போதும் அந்த டின்னில்தான் இருக்கின்றன.

திறப்பது தீர்ந்தது, மூடுவது தீரவில்லை. விழுகிற கைக்கு இறக்கத்தான் தெரியும், ஏற்றத் தெரியாது. வெளியே போன கதவை எட்டி இழுத்து, பிடியை மேலே தூக்கி மாட்ட, உயிருள்ள ஒரு கை வேண்டும். திங்கட்கிழமை சோறு ஊட்டிவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு, பையோடு கூடத்தில் நின்றேன்.

"மழை வந்தா என்ன மாமா பண்ணுவீங்க?"

"நனைவேன். நான் என்ன உப்பா? நீ போ."

போனேன். தெரிந்தே போனேன். நனைந்து காய்ச்சல் வந்தால் அன்றோடு என் உத்தியோகம் முடிந்தது. அதை விட, வாதம் வந்த உடம்பு, காய்ச்சலைத் தாங்குமா?

ஒன்றாம் வகுப்பு. இருபத்தெட்டு பிள்ளைகள். கரும்பலகையில் அ எழுதிப் போட்டுவிட்டு வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு சிறுமி இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். அழகான அ. என்னை அறியாமல் செருமினேன். அவள் நிமிர்ந்து பார்த்து, பென்சிலை மற்ற கைக்கு மாற்றினாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. "நீ முன்ன மாதிரியே எழுதும்மா" என்று சொல்லி முடிக்கவில்லை, தகரக் கூரையில் மழை இறங்கியது. எதிர் வரிசை வகுப்பே தெரியாத மழை. மீதி நேரம் நான் பாடம் நடத்தினேன் என்று பிள்ளைகள் சொன்னால்தான் உண்டு.

பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடினேன். நாலு மாடியும் ஓடித்தான் ஏறினேன். மலாய் அக்கா வாசலில் நின்று, மழையில் தன் துணிகளை எடுக்கக் கீழே ஓடியதாகவும் உடனே வர முடியவில்லை என்றும் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். கதவைத் திறந்தேன்.

ஜன்னல் மூடியிருந்தது. பிடி ஒழுங்காக மேலே பார்த்து நின்றது. தரையில் கொஞ்சம் தண்ணீர். மாமனார் பழைய இடத்தில் பழையபடி உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில், சட்டைக் கை காய்ந்து மடிப்புக் கலையாமல் இருந்தது. இடது கை நாற்காலியின் கைமேல். அந்தச் சட்டைக் கை தோள்வரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரு மாமா மூடினது?"

"காத்து" என்றார்.

கதவை இழுத்துச் சாத்தி, பிடியைத் தூக்கி, மூக்கைச் சட்டத்தில் மாட்டிவிட்டுப் போகிற காற்று. "நல்ல காத்து" என்று சொல்லிவிட்டு, உலர்ந்த சட்டை எடுத்துவந்து மாற்றிவிட்டேன். என் கணவர் வந்ததும் தரைத் தண்ணீரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கொடியில் தொங்கிய சட்டையில் ஒரு கை மட்டும் நனைந்திருப்பதைப் பார்த்தார். குளிக்கப் போனவர் வழக்கத்தை விட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். என் கணவர் யோசனையிலேயே இருந்தார். கை தட்டுக்குப் போனபோது போனது இடது கை. கரண்டியோடு நின்ற நான் அப்படியே நின்றேன். அவருக்கும் தெரிந்துவிட்டது. சோற்றில் விரலை வைத்தபடி, அந்தச் செருமலுக்காகக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

வரவில்லை.

"குழம்பு ஆறுது, சாப்பிடு" என்றார் மாமனார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. மகன் ஒரு வாய் எடுத்தார், மெதுவாக. ஒரு பருக்கை சிந்தவில்லை.

நான் வழக்கம்போல மாமனாரின் வலது பக்கத்து ஸ்டூலில் தட்டை வைத்து, ஊட்டுவதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை.

"தட்டை மத்தப் பக்கம் வை" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அதற்குள் என் கணவர் எழுந்து வந்துவிட்டார். தட்டோடு ஸ்டூலைத் தூக்கி, நாற்காலியைச் சுற்றி வந்து, காற்றில் அள்ளிப் பார்க்காமலேயே, சரியான பக்கத்தில் வைத்தார்.